வாக்கு எந்த ஊருக்கு உரியது?

பிழைப்பை நாடி இடம்பெயர்ந்த நாம், நம் வாக்குரிமையை எங்கே விட்டு வந்தோம் என எண்ணிப் பார்த்ததுண்டா?

உதகையிலிருந்து மைசூர் செல்லும் வழியில் உள்ளது குண்டலுபேட்டை. 2023ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் அத்தொகுதியில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் வாக்களித்தனர். அதே நாளில் பெங்களூர் மாநகரில் நூற்றுக்கு 60 பேர்கூட வாக்குச்சாவடிக்கு வரவில்லை. கற்றோர் மிகுந்த நகரம் பின்தங்குவதேன்? சோம்பல் மட்டுமே காரணமன்று. குடிபெயர்ந்தோர் பலரின் பெயர் இன்னும் பிறந்த ஊர்ப் பட்டியலிலேயே உறங்குகிறது. அங்கே செல்ல விடுப்பில்லை. இங்கே வாக்களிக்கப் பெயரில்லை.

பெயரை மாற்றினால் பிறந்த மண்ணை மறந்ததாகுமோ என நம் முதியோர் கலங்குகின்றனர். அக்கலக்கம் மதிக்கத் தக்கதே. ஆயினும் ஒருவர் இரு தொகுதிகளில் பதிவு பெறலாகாது என்கிறது 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். வழக்கமாக வாழும் இடத்தையே அது பதிவுக்கு உரியதாகக் கொள்கிறது. அறமும் அதுவே. நாம் பருகும் நீரையும் நம் பிள்ளைகள் பயிலும் பள்ளியையும் பற்றி முடிவெடுப்போரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அயலார்மீது சுமத்திவிட்டுப் பின்னர்க் குறை கூறுதல் முறையாகுமா?

ஆதலின், இடம் மாறிய குடும்பத்தினர் 8ஆம் எண் படிவத்தை நிரப்பிப் பெயரை மாற்றிக் கொள்வோமாக. எழுதத் தயங்கும் அண்டை வீட்டாருக்கும் துணை நிற்போமாக. ஊர்ப்பாசம் நெஞ்சில் நிலைக்கட்டும். வாக்கு வாழும் ஊருக்குப் பயன்படட்டும்.