ஆட்டமும் ஆளும்

விளையாட்டைப் பார்ப்பவனுக்கு ஓர் உரிமை உண்டு. நன்றாக ஆடினால் கைதட்டலாம். தவறாக ஆடினால் தவறு என்று சொல்லலாம். கைக்கு வந்த பந்தைத் தவறவிட்டவனைத் தவறவிட்டான் என்று சொல்வது பொய்யுமன்று, பழியுமன்று. ஆனால் அந்த உரிமை எங்கே முடிகிறது? ஆட்டத்தைப் பற்றிய பேச்சு, ஆடுபவனின் குடும்பத்தையும் நாட்டுப்பற்றையும் மார்க்கத்தையும் பற்றிய ஏச்சாக எந்த இடத்தில் மாறுகிறது? கைப்பேசி வீட்டுக்கு வீடு வந்துவிட்ட இந்நாளில், இக்கேள்விக்கு நம் பிள்ளைகளிடம் விடை சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது.

நம் தேனி மாவட்டம் விளையாட்டை நன்கறிந்த மாவட்டம். பெரியகுளத்தில் நடைபெறும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்குப் பிற மாநிலங்களின் பெயர்பெற்ற அணிகளும் வருகின்றன. அத்தகைய களத்தில் ஆடுபவனுக்கும் பார்ப்பவனுக்கும் இடையே சில அடித் தூரமே இருக்கும். பந்து வளையத்தில் விழாதபோது முணுமுணுப்பு எழும், கேலியும் எழும். ஆயினும், ஆட்டம் முடிந்து வியர்வையைத் துடைத்தவாறு அருகே நடந்து வரும் வீரனை மறித்து, அவன் தாயையும் குழந்தையையும் இழித்துப் பேச எவருக்கும் நா எழுவதில்லை. எதிரே ஒரு முகம் இருக்கிறது. நம் சொல்லால் அம்முகம் வாடுவதை நாம் காண்போம். சொன்ன நம் முகத்தை அவனும் காண்பான். அந்த வெட்கம் நாவுக்கு வேலியாக நிற்கிறது.

சமூக ஊடகம் அந்த வேலியை அகற்றிவிட்டது. அதன் விளைவை 2021ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் கண்டோம். துபாயில் நடந்த இருபது ஓவர் உலகக் கோப்பைப் போட்டியில் பாகிஸ்தான் அணி ஒரு விக்கெட்டையும் இழக்காமல் இந்தியாவை வென்றது. உலகக் கோப்பை ஆட்டங்களில் அந்நாட்டிடம் இந்தியா தோற்றது அதுவே முதன்முறை. விக்கெட் எடுக்க எவராலும் முடியவில்லை என்றால், பந்து வீசிய அனைவருக்கும் அந்தத் தோல்வியில் பங்குண்டு. ஆயினும் வசை ஒருவர்மீது குறிவைத்துப் பாய்ந்தது. 3.5 ஓவர்களில் 43 ஓட்டங்கள் கொடுத்த முஹம்மது ஷமியின் பக்கத்தில், அவருடைய பெயரையும் சமயத்தையும் காட்டி, துரோகி என்றும் விலைபோனவர் என்றும் எழுதிக் குவித்தனர்.

அக்டோபர் 30ஆம் நாள் செய்தியாளரைச் சந்தித்த அணித்தலைவர் விராட் கோலி, ஒருவரை அவருடைய சமயத்தைக் காட்டித் தாக்குவது மனிதன் செய்யக்கூடிய மிக இழிந்த செயல் என்று வெளிப்படையாகக் கண்டித்தார். அதன் பின்னர், ஒரு வயதுகூட நிறையாத அவருடைய பெண் குழந்தையின்மீது மிரட்டல் பாய்ந்தது. அதன் தொடர்பில் ஹைதராபாத்தைச் சேர்ந்த இளம் மென்பொருள் பொறியாளர் ஒருவரை மும்பைக் காவல்துறை கைது செய்தது. படிப்பறிவற்றவர் செய்யும் செயல் இது என்று எண்ணுவோர் இதைக் கருத வேண்டும்.

இக்கொடுமை ஒரு சமயத்தாருக்கு மட்டும் நேர்வதன்று. 2022 செப்டம்பரில், பாகிஸ்தானுக்கு எதிரான ஆசியக் கோப்பை ஆட்டத்தில் ஒரு பந்தைப் பிடிக்கத் தவறிய அர்ஷ்தீப் சிங்கை, அவர் சீக்கியர் என்பதற்காகப் பிரிவினைவாதி என்று ஏசினர். 2021 ஜூலையில் லண்டனில் நடந்த ஐரோப்பியக் கால்பந்து இறுதியாட்டத்தில், பெனால்டியில் கோல் தவறிய ரேஷ்ஃபோர்ட், சாஞ்சோ, சாக்கா ஆகிய மூவரையும் அவர்களுடைய நிறத்தைச் சொல்லி இழித்தனர். மான்செஸ்டர் நகரில் ரேஷ்ஃபோர்டின் சுவரோவியத்தையும் சிலர் பாழ்படுத்தினர். ஆனால் அப்பகுதி மக்கள் அந்தக் கறையின்மீது அன்பு மொழிகள் எழுதிய தாள்களை ஒட்டி மறைத்தனர். முகம் காட்டாதவர்கள் இட்ட கறையை, பகலில் முகம் காட்டி வந்த அயலார் மறைத்தார்கள்.

ஷமிக்குப் பின்னர் புகழும் வந்தது. 2023 உலகக் கோப்பையில் ஏழே ஆட்டங்களில் 24 விக்கெட்டுகள் எடுத்தார். நவம்பர் 15ஆம் நாள் மும்பையில் நியூசிலாந்துக்கு எதிரான அரையிறுதியில் 57 ஓட்டங்களுக்கு ஏழு விக்கெட்டுகளைச் சாய்த்தார். நாடே கொண்டாடியது, நாமும் மகிழ்ந்தோம். "பார், எவ்வளவு நாட்டுப்பற்று!" என்று அன்று பலர் கூறினர். ஏழு விக்கெட் எடுத்தமையால் ஒருவருடைய நாட்டுப்பற்று மெய்யாகிறதென்றால், எடுக்காத நாளில் அது பொய்யாகிவிடுமா? இந்தப் புகழுக்குள்ளும் அந்தப் பழைய ஏச்சே ஒளிந்திருக்கிறது. ஆட்டத்திறன் நாளுக்கு நாள் ஏறும், இறங்கும். மனிதனின் மானம் அதனோடு ஏறி இறங்கும் பொருளன்று.

இதுவரை பிறர் செய்த பிழையைப் பேசினோம். நம் பக்கத்தையும் பார்ப்பது நேர்மை. 2025 மார்ச் 4ஆம் நாள், ரமளான் மாதத்தில், துபாயில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஆட்டத்தினிடையே ஷமி ஏதோ பருகும் படம் பரவியது. நோன்பு நோற்காமையால் அவர் பாவி என்று உத்தரப் பிரதேசத்து மார்க்க அறிஞர் ஒருவர் அறிக்கை விடுத்தார். பயணத்தில் இருப்பவர் நோன்பைப் பிறிதொரு நாளுக்கு மாற்றிக்கொள்ள மார்க்கம் அளித்திருக்கும் சலுகையை வேறு அறிஞர்கள் எடுத்துரைத்தனர். அப்படியே சலுகை இல்லாதிருப்பினும், ஓர் அடியானுக்கும் அவனைப் படைத்தவனுக்கும் இடையே உள்ள கணக்கை உலகறியப் புரட்டிப் பார்க்கும் பொறுப்பை நமக்கு யார் கொடுத்தார்கள்? 2021இல் அவருடைய நாட்டுப்பற்றைப் பிறர் அளந்தபோது நாம் நொந்தோம். அவருடைய இறைப்பற்றை நம்மவர் அளந்தபோதும் நாம் நொந்திருந்தால் மட்டுமே முதல் நோவு நீதியின் நோவு. இல்லையேல் அது வெறும் கட்சிப் பாசம்.

பிறரை ஏளனம் செய்வதையும், வீண் சந்தேகம் கொள்வதையும், குறைகளைத் துருவுவதையும், புறம் பேசுவதையும் திருக்குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயம் ஒருங்கே விலக்குகிறது. விளையாட்டு வீரருக்கு நிகழும் இணைய வசையில் இந்நான்கும் உள்ளன. புறம் பேசுபவன் பேசப்படுபவனின் காதுக்கு எட்டாமலாவது பேசுகிறான். நேரில் இடித்துரைப்பவன் தன் முகத்தையாவது காட்டுகிறான். வீரனின் பக்கத்திலேயே பொய்ப்பெயரில் வசை எழுதுபவனோ, அவன் நெஞ்சில் தைக்கும்படி எய்துவிட்டுத் தான் ஒளிந்துகொள்கிறான். நாவாலும் கையாலும் பிறர்க்கு இடர் செய்யாதிருப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முஸ்லிமின் அடையாளமாக வைத்தார்கள். இன்று நாவின் வேலையையும் கையே செய்கிறது. ஆதலின் இரண்டையும் ஒருசேரக் காக்க வேண்டியவர்களாக இருக்கிறோம்.

"கோடி கோடியாக வாங்குகிறார்கள், இதையும் தாங்கட்டுமே" என்று சிலர் வாதிப்பர். கம்பத்திலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறி, மலைமேல் ஏலத்தோட்டத்துக்குச் செல்லும் தொழிலாளியின் கூலி சிறிது; கிரிக்கெட் வீரரின் ஊதியம் பெரிது. இருவரும் விற்பது உழைப்பைத்தான். வேலை குறைந்தால் வேலையைச் சொல்லலாம். பிறப்பையும் பெண்டு பிள்ளைகளையும் இழுக்கும் அதிகாரத்தை எந்தக் கூலியும் விலைக்கு வாங்கித் தருவதில்லை. தோல்வியின் துயரில் வந்த சொல் என்பாரும் உண்டு. துயரம் மெய்யே. ஆனால் அத்துயரை மிகுதியாகச் சுமப்பவர் தோற்ற வீரர்தாம் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

துயரத்திலும் பண்பு காக்க இயலும் என்பதைத் தமிழ் மண் காட்டியிருக்கிறது. 1999 ஜனவரி 31ஆம் நாள் சென்னைச் சேப்பாக்கத்தில், சச்சின் டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தும், பாகிஸ்தானிடம் 12 ஓட்டங்களில் இந்தியா தோற்றது. கைக்கெட்டிய வெற்றி நழுவிய வேதனை அரங்கம் முழுவதும் இருந்தது. ஆயினும் மக்கள் எழுந்து நின்று வென்ற அணிக்குக் கைதட்டினர். பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தை வலம் வந்து அந்த வாழ்த்தை ஏற்றனர். எதிரணிக்கே அத்துணை மரியாதை செய்தவர்களின் பிள்ளைகள், சொந்த அணி வீரரை ஏசலாமா?

பெற்றோர் தம் மக்களுக்கு ஓர் எளிய அளவுகோலைத் தரலாம். எழுதப்போகும் சொல்லை, களத்தின் ஓரத்தில் நின்று, அந்த வீரரின் முகத்தைப் பார்த்து, உன் பெயரைச் சொல்லிச் சொல்வாயா? சொல்வாயெனில் எழுது, கூசுமெனில் அழித்துவிடு. பிறர் எழுதிய வசையை அனுப்பிவைப்பதும் அவ்வசையில் பங்கு கொள்வதே. வசைக்கு ஆளானவர் அர்ஷ்தீப் ஆனாலும் ஷமி ஆனாலும், ஆறுதலாக ஒரு வரி எழுதப் பழகட்டும். விரல் நுனியில் இருக்கும் கருவி அதற்கும் பயன்படும்.