ஆற்றுமணலில் ரோமக் காசு

கரூர் அமராவதி ஆற்றுமணலில் கிடைத்த ரோமச் செப்புக்காசுகள் பலவும் விரல்நகம் அளவே இருக்கும். எழுத்து தேய்ந்து போயிருக்கும். ஒருவரிடம் உள்ள காசில் பேரரசரின் தலை மட்டும் தெரியும். இன்னொருவரிடம் உள்ளதில், குதிரையோடு சாயும் எதிரியை ஈட்டியால் குத்தும் வீரன் மட்டும் தெரிவான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், 4-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் காலத்துக் காசு என்று பிடிபடும். நாணயச் சேகரிப்பில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

இப்படித் தேய்ந்த காசுகளைத் தேடித் தேடிச் சேர்த்த தினமலர் நாளிதழின் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, அவற்றைப் படங்களோடு நூலாக்கிப் பொதுவில் வைத்தார். அதனால்தான் இன்று ஒரு கல்லூரி மாணவனும் தன் கையில் உள்ள காசை ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

நண்பர்களிடம் காசைக் காட்டும்போது எடை, விட்டம், கிடைத்த இடம் மூன்றையும் சொல்லுங்கள். கிடைத்த இடம் தெரியாத காசு வரலாற்றுக்குப் பாதிதான் பயன்படும். பளபளக்கட்டும் என்று புளி போட்டுத் தேய்க்காதீர்கள். மிச்சமிருக்கும் எழுத்தும் போய்விடும். மண்ணுக்குள் புதையலாகக் கிடைத்தால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும்.