சுவர் ஏறிக் குதிக்கலாமா?

திருச்சியிலிருந்து காவிரியையும் கொள்ளிடத்தையும் கடந்து சென்னை நோக்கிப் போகும் வாகனங்கள் சமயபுரம் சுங்கச்சாவடியைத் தாண்டித்தான் போகவேண்டும். மாரியம்மன் கோயிலுக்கு வரும் பக்தர்களும், நத்ஹர்வலி தர்காவில் ஜியாரத் செய்துவிட்டு ஊர் திரும்புவோரும் அந்தச் சாலையில்தான் போகிறார்கள். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டாக் கட்டாயமானது முதல், எந்த வண்டி எப்போது கடந்தது என்பது தானாகவே கணக்கில் ஏறிவிடுகிறது. இதை நாம் பெரிதாக ஆட்சேபிப்பதில்லை. பாதை பொதுவானது; பொதுப் பாதைக்கு ஒரு காவல் இருப்பது நியாயம் என்று மனம் ஒப்புக்கொள்கிறது.

ஆனால் அதே சாவடி நம் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்துகொண்டு, உள்ளே கணவனும் மனைவியும் பேசுவதைக் குறித்துக்கொண்டால் பொறுப்போமா? நம் கையில் இருக்கும் செல்போன் பாதையா, வீடா? சிந்தித்துப் பார்த்தால் இரண்டும்தான். ஊரறியப் பதிவிடும்போது அது பாதை. தாய்க்கும் மகனுக்கும் இடையே செய்தி போகும்போது அது வீடு. அரசாங்கத்தின் கை எதுவரை நீளலாம் என்ற கேள்விக்கு விடை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது என்பது நம் கருத்து.

திருமறை காட்டும் எல்லை

பிறர் வீட்டில் அனுமதி பெற்று, ஸலாம் உரைத்த பின்பே நுழையவேண்டும் என்று அந்நூர் அத்தியாயத்தின் 27-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. பிறரைத் துருவித் துருவி ஆராய்வதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12-ஆம் வசனம் தடுக்கிறது. அனுமதி கேட்கும் முறை ஏற்பட்டதே பார்வையின் காரணத்தால்தான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியதாக ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. கால் உள்ளே போகாவிட்டாலும் கண் உள்ளே போனால் அதுவும் நுழைவதுதான்! செல்போனுக்குள் எட்டிப் பார்ப்பதற்கு இதைவிடத் தெளிவான தீர்ப்பு வேண்டுமா?

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஒரு நாள் இரவு மதீனாவில் ரோந்து சென்றபோது ஒரு வீட்டிலிருந்து பாட்டொலி கேட்டது. சுவர் ஏறிப் பார்த்தால் உள்ளே மது இருந்தது. அந்த மனிதரைக் கண்டித்தார்கள். அவரோ, தாம் ஒரு குற்றம் செய்ததாகவும் கலீஃபா மூன்று குற்றங்கள் செய்துவிட்டதாகவும் பணிவோடு எடுத்துரைத்தார்: துருவி ஆராய்ந்தது ஒன்று, வாசல் வழியாக வராதது இரண்டு, அனுமதியின்றி நுழைந்தது மூன்று. உமர் (ரலி) அவர்கள் அதை ஏற்று, அவரை மன்னித்துத் திரும்பிவிட்டார்கள் என்று நூல்கள் கூறுகின்றன. மது ஹலாலாகிவிடவில்லை. ஆயினும் ஹராமைத் தடுக்கப் போனவர் சென்ற வழியும் ஹலாலாக இருக்கவேண்டும் என்பது நிலைநாட்டப்பட்டது.

அப்படியானால் அரசு எதையும் சோதிக்கவே கூடாதா?

கூடும். மக்கா வெற்றிக்குச் சற்று முன்பு, முஸ்லிம்களின் படையெடுப்பைப் பற்றி ஹாதிப் பின் அபீபல்தஆ (ரலி) மக்காவாசிகளுக்கு ஒரு கடிதம் எழுதி, ஒரு பெண்ணிடம் கொடுத்தனுப்பினார். நாயகம் (ஸல்) அவர்கள் அலீ (ரலி) முதலானோரை அனுப்பி, ரவ்ளத்து காக் என்ற இடத்தில் அதைக் கைப்பற்றச் செய்தார்கள். ஆனால் எப்படி? இன்ன கடிதம், இன்ன இடம், இன்ன ஆள் என்று திட்டமாக. மதீனாவின் வீடுகளையெல்லாம் புரட்டிப் பார்த்ததாக அந்த அறிவிப்பில் இல்லை. கடிதம் கிடைத்த பின்பும் ஹாதிபை அழைத்துக் காரணம் கேட்டார்கள். அவர் சொன்னதை ஏற்றார்கள். நாயகம் (ஸல்) அவர்களுக்கு வஹீ வந்தது. இன்றைய அதிகாரிகளுக்கு வஹீ இல்லை. ஆகவே அவர்களுக்கு ஆதாரமும் நீதிமன்றத்தின் மேற்பார்வையும் இன்னும் அதிகமாக அல்லவா தேவை?

நம் கண்முன் நடந்தவை

2019 டிசம்பரில் நம் திருச்சியிலேயே, குழந்தைகளைக் கொண்டு எடுக்கப்பட்ட ஆபாசப் படங்களை இணையத்தில் பரப்பியதாக ஒருவர் போக்சோ சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். அந்தரங்கம் பறிபோயிற்று என்று அதற்காக நாம் குரல் எழுப்பமாட்டோம். பச்சிளம் குழந்தையின் மானம் காக்கப்படவேண்டியது. குற்றமும் ஆளும் குறிப்பாகச் சுட்டப்பட்டிருந்தன. விசாரிக்கச் சட்டம் இருந்தது.

இனி 2018 மே மாதத்தைப் பாருங்கள். 22-ஆம் நாள் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துத் திரண்ட மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்த உத்தரவு வந்தது. அந்நேரம் தன் பிள்ளை உயிரோடிருக்கிறானா என்று தேடிய தாயும், வெளிநாட்டிலிருந்து தன் குடும்பத்தை விசாரித்த தகப்பனும் என்ன குற்றம் செய்தார்கள்? ஒரு லாரியில் கள்ளச் சரக்கு வருகிறது என்பதற்காகச் சாலையையே வெட்டிவிடுவது போன்றதல்லவா இது?

ஆனாலும் நேர்மையாக மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். 2018 மார்ச்சில் இலங்கையின் கண்டி மாவட்டத்தில் நம் சகோதரர்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. வெறுப்புச் செய்திகள் செல்போன்களில் பறந்தன. அவ்வரசு முகநூலையும் வாட்ஸ்அப்பையும் சில நாட்கள் முடக்கியது. அந்த நேரத்தில் கதவை அடைத்துக்கொண்டு நடுங்கிய குடும்பத்திடம் போய்ச் சுதந்திரம் பேச நமக்கு வாய் வராது. உயிர் காப்பது மார்க்கத்தின் முதன்மையான நோக்கங்களில் ஒன்று. நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதை அனுமதிக்கும் என்பது ஃபிக்ஹின் விதி. அந்த அனுமதி நிர்ப்பந்தத்தின் அளவைத் தாண்டாது என்பதும் அதே ஃபிக்ஹின் விதி. முதல் பாதியை மட்டும் ஓதிவிட்டு நிறுத்துவதுதான் ஆட்சியாளர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

நம் உச்ச நீதிமன்றமும் ஏறத்தாழ இந்த அளவுகோலையே கையாண்டிருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24-இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றனர். ஜம்மு-காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் இணையம் துண்டிக்கப்பட்ட வழக்கில், 2020 ஜனவரி 10-இல், கால வரம்பின்றி முடக்குவது கூடாது, உத்தரவுகளை வெளியிடவேண்டும், தேவையின் அளவைத் தடை மீறக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. எனினும் அங்கே அதிவேக இணையம் முழுமையாகத் திரும்ப 2021 பிப்ரவரி ஆயிற்று. ஏட்டில் உள்ள நீதி வீட்டு வாசலை அடைய எத்தனை நாள்!

நிரபராதிக்கு என்ன பயம்?

“ஒளிக்க ஒன்றுமில்லாதவன் ஏன் அஞ்சவேண்டும்?” என்று சிலர் கேட்கிறார்கள். நாம் குளியலறைக் கதவைத் தாழிடுவது குற்றம் செய்வதற்காகவா? மறைவு என்பது குற்றவாளியின் கேடயம் மட்டுமல்ல, மானமுள்ளவனின் ஆடை. பிறர் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்பது நபிமொழியின் கருத்து. ஆட்சியாளர் குடிமக்களைச் சந்தேகித்துத் துருவினால் அவர்களைக் கெடுத்துவிடுவார் என்ற கருத்துள்ள ஹதீஸும் அபூதாவூதில் உண்டு. கண்காணிப்புக்கு அஞ்சி நல்லவனாக நடிப்பவன் இறையச்சத்தைக் கற்பதில்லை, ஒளியக் கற்கிறான்.

இறுதியாக நம்மிடமே ஒரு கேள்வி. 2018 மே மாதம், குழந்தை கடத்துவோர் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியால், திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் கோயில் வழிபாட்டிற்காகச் சென்ற சென்னை மூதாட்டி ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார். அந்தச் செய்தியை அனுப்பியவர்கள் அரசாங்கமா? நம்மைப்போல் குடும்பம் குட்டியோடு வாழ்பவர்கள்தாமே! ஆராயாமல் செய்தி அனுப்புகிறோம். மருமகளின் செல்போனைத் திருட்டுத்தனமாகப் புரட்டுகிறோம். யாரோ ஒருவருடைய மானத்தைப் படம் பிடித்துப் பத்துக் குழுக்களுக்கு அனுப்புகிறோம். நாம் சுவர் ஏறிக் குதித்துக்கொண்டே, சர்க்கார் மட்டும் வாசல் வழியாக வரவேண்டும் என்று கேட்பது எந்த நியாயம்? நம் வதந்திகளல்லவா முடக்கத்திற்குக் காரணம் தேடுவோர் கையில் காரணத்தைக் கொடுக்கின்றன?

ஆகவே அரசிடம் வாசலைத் தட்டி வா என்று சட்டத்தின் வழியே கேட்போம். அதே வாசலை நாமும் தட்டப் பழகுவோம். எல்லாவற்றையும் பார்த்தும் நம் குறைகளை மறைத்துவைத்திருக்கும் அந்த ஸத்தார், பிறர் மறைவைப் பேணும் நற்பண்பை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.