வற்றிப்போன கேரீத்

 

நான் நியூயார்க்கில் ஒரு பெரிய வக்கீல் நிறுவனத்தில் இருந்தேன். 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் திவாலானது. கம்பெனிகளை வாங்குவதும் விற்பதும் வெகுவாய்க் குறைந்துபோயிற்று. அந்த ஒப்பந்தங்களை எழுதியே பிழைத்த எங்களுக்கு வேலை இல்லை. 2009-ல் பல வக்கீல் நிறுவனங்கள் ஆட்களைக் குறைத்தன. ஒரு நாள் என்னையும் கூப்பிட்டார்கள். பத்து நிமிஷம்தான். வேதாகமத்தையும் குடும்பப் படத்தையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

முதல் இன்டர்வியூவில், "அங்கிருந்து ஏன் வந்தீர்கள்?" என்றார்கள். வெட்கத்தினால், "நானாகத்தான் விலகினேன்" என்றேன். "இந்தக் காலத்தில், வேறு வேலை கையில் இல்லாமலா?" என்று திரும்பக் கேட்டார்கள். நாக்கு ஒட்டிக்கொண்டது. வீட்டில் மனைவி சொன்னாள்: "என்னங்க, ஊரெல்லாம் வேலை போயிருக்கு. செய்யாத தப்பை ஏன் மறைக்கிறீங்க?" அன்றிரவு முழங்காலில் நின்று அழுதேன். 1 இராஜாக்கள் 17-ம் அதிகாரத்தை ஆவியானவர் திறந்து காட்டினார்.

தேவபிள்ளையே, எலியாவைக் கேரீத்துக்கு அனுப்பினவர் யார்? கர்த்தர். காகங்களைக்கொண்டு போஷித்தவர் யார்? கர்த்தர். ஆனாலும் ஆறு வற்றிப்போனதே! எலியா பாவம் செய்தாரா? இல்லை. மழை இல்லை, அவ்வளவுதான். அவர் ஆற்றைச் சபிக்கவில்லை. எழுந்து சாறிபாத்துக்குப் போனார். அங்கே காத்திருந்தது அரண்மனை அல்ல, ஒரு பிடி மாவு வைத்திருந்த விதவை.

அதன்பின் கேட்டவர்களிடமெல்லாம், "வேலை குறைந்தது, பலரோடு என்னையும் நிறுத்தினார்கள்" என்று ஒரே வாக்கியம் சொன்னேன். பழைய முதலாளியைத் தூஷிக்கவில்லை. கட்சிக்காரர் ரகசியத்தைச் சொல்லி என்னை உயர்த்திக்கொள்ளவில்லை. உண்மை சொல்லியும் ஆறு இடங்களில் கதவு அடைபட்டது. ஏழாவது ஒரு வங்கி. வக்கீல் வேலை அல்ல. சட்டவிதிகளின்படி காரியங்கள் நடக்கிறதா என்று பார்க்கும் வேலை. சம்பளம் பாதி. என் பெருமை நொறுங்கினது. சம்மதித்தேன். 2010-ல் டாட்-ஃபிராங்க் சட்டம் வந்து வங்கிகளுக்குப் புதிய விதிகள் குவிந்தபோது, அந்த வேலை தெரிந்தவர்களைத் தேடினார்கள். பானையில் மாவு குறையவில்லை. அல்லேலூயா!

வேலை இழந்த சகோதரனே, சகோதரியே, வற்றின ஆற்றங்கரையில் உட்கார்ந்திராதே. வெட்கத்தினால் பொய் சொல்லாதே. சிறிய வாசலை அற்பமாக எண்ணாதே. சபையாரே, "என்ன பாவம் செய்தாய்?" என்று அவர்களைக் கேட்காதிருங்கள். ஒரு பிடி மாவு கொண்டுபோங்கள். ஆமென்.