கருவியும் நோக்கமும்

கருவி தன்னளவில் நல்லதுமன்று, தீயதுமன்று. அதனைக் கையாளும் மனிதனே அறத்தின் தீர்ப்புக்கு உரியவன் என்பது பலரும் எளிதில் ஏற்றுக்கொள்ளும் கூற்றாகும். ஒரே கத்தி மருத்துவன் கையிலும் இருக்கலாம், கொலைஞன் கையிலும் இருக்கலாம் என்பர். இக்கூற்று எல்லாக் கருவிகளுக்கும் பொருந்துமா? ஜேர்மனியின் ஹைன்கெல் 111 என்னும் நடுத்தரக் குண்டுவீச்சு விமானத்தின் வரலாறு இவ்வினாவை எழுப்புகின்றது.

முதலாம் உலகப்போரின் பின் 1919இல் கைச்சாத்தான வேர்சாய் உடன்படிக்கை, ஜேர்மனி விமானப்படை வைத்திருப்பதைத் தடைசெய்தது. நாற்சிகள் ஆட்சியேறிய பின்னரும் இத்தடையைச் சிலகாலம் மறைவாகவே மீறினர். 1935 பெப்ரவரியில் முதன்முதலாகப் பறந்த ஹைன்கெல் 111, 1936 சனவரியில் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டபோது, பத்துப் பயணிகளை ஏற்றும் லுப்ற்ஹன்சா விமானமாகவே காட்டப்பட்டது. அப்பதின்மருள் நால்வர் அமரும் புகைபிடிக்கும் அறை, குண்டுகளுக்கென வகுக்கப்பட்ட இடத்திலேயே அமைந்திருந்தது.

கத்தியைச் செய்த கொல்லன் அது யார் கையிற் சேருமென அறியான். இவ்விமானத்தை வரைந்தோரோ அவ்வாறு கூறமுடியாது. பயணி அமர்ந்த இடம் எதற்கான இடமென்பதை அவர்கள் அறிந்திருந்தனர். நோக்கம் கருவியின் அமைப்பிலேயே பொதிந்திருந்தது. அது வெளிப்பட நெடுங்காலம் செல்லவில்லை. 1937 ஏப்ரல் 26இல் ஸ்பெயினின் கேர்னிக்கா நகரைத் தாக்கிய விமானங்களுள் இதுவும் ஒன்று. 1940 நவம்பர் 14 இரவு இங்கிலாந்தின் கொவென்றி நகரில் 500க்கு மேற்பட்டோர் மாண்ட தாக்குதலிலும் இதுவே முன்னின்றது.

அவ்வாறாயின் விமானியின் பொறுப்பு நீங்கிவிடுமா? 1940 மே 14இல் நெதர்லாந்தின் றொட்டர்டாம் நகரைச் சரணடையச் செய்யும் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே ஹைன்கெல் அணிகள் நகரை நெருங்கின. தாக்குதலை நிறுத்துமாறு தரையிலிருந்து சிவப்பு ஒளிக்குறிகள் எய்யப்பட்டன. ஓரணியிற் பெரும்பாலானோர் அவற்றைக் கண்டு திரும்பினர். மற்றைய அணி குண்டுகளை வீசியது. 800க்கு மேற்பட்டோர் மாண்டனர். குறியைக் கண்டவனுக்குத் திரும்பும் வழி இருந்தது. ஆனால், புகையும் உயரமும் கண்ணை மறைத்தபோது, முன்னரே இடப்பட்ட கட்டளை தன் வழியே நிறைவேறியது.

ஆகவே பொறுப்பு பலரிடையே பகிரப்படுவதால் எவருக்கும் குறைந்துவிடுவதில்லை. இறுதியிற் கருவியை இயக்குபவன் சிந்திப்பதற்குக் கிடைப்பது சில கணங்களே; அதனை வரைபவனுக்கோ ஆண்டுகள் கிடைக்கின்றன. எதற்காக இதனைச் செய்கின்றோம் என்ற வினாவை முதலிற் கேட்கவேண்டியவன் அவனே. அறிவைத் தேடும் பல்கலைக்கழகங்களும் அவ்வினாவிலிருந்து விலகி நிற்றல் இயலாது.