எந்த மாமாகிட்ட நாலு?

சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போவதற்குப் பயணம் என்று பேர் வைத்தது யார் என்று தெரியவில்லை. அது பாதி வீட்டைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போகிற வேலை. பெரியவனுக்கு ஐந்து வயசு, சின்னவளுக்கு ஒன்றரை. ஆடித்தபசுக்கு மேலநீலிதநல்லூர் போகலாம் என்று முடிவெடுத்த நாளிலிருந்து எங்கள் ஹால் சோபாவில் யாரும் உட்கார முடியவில்லை. ஆளுக்கு நாலு செட் டிரஸ், சின்னவளுக்கு டயப்பர், ஆற வைத்த தண்ணீர், பஸ்ஸில் வாந்தி எடுத்தால் பிடிக்க பிளாஸ்டிக் கவர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், சர்க்கரை தடவிய இட்லி. காய்ச்சல் சிரப்போடு, அதன் அளவை வயசை வைத்துக் கொடுக்கக் கூடாது, எடையை வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு. (வயசுக்கு மதிப்பில்லாத ஒரே இடம் இதுதான் என்று பின்னால் நினைத்துக்கொண்டேன்.)

உங்களில் பலருக்கு சங்கரன்கோவில் பிரியாணியால்தான் பழக்கம். எங்களுக்கு அது கோமதியம்மன் ஊர். பாதி சிவனாகவும் பாதி விஷ்ணுவாகவும் ஒரே உருவத்தில் காட்சி வேண்டும் என்று அம்மன் தவம் இருந்த இடம். ஆடித்தபசு அன்று அங்கே நிற்க இடம் இருக்காது. கூட்டம் என்றாலே குழந்தை தொலையும் பயம். பெரிய திருவிழாக்களில் போலீசாரே குழந்தையின் மணிக்கட்டில் பேரும் போன் நம்பரும் எழுதிய பட்டை கட்டிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது இல்லாவிட்டாலும் சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டு வைத்து அனுப்புங்கள். 1098 என்ற நம்பரையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

என் மனைவி ஒரு படி மேலே போய் ஒத்திகையே நடத்தினாள்.

“அப்பாவைக் காணோம்னா என்ன செய்வே?”

“நின்ன இடத்துலயே நிப்பேன். போலீஸ் மாமாகிட்ட சொல்லுவேன்.”

“பேரு? ஊரு?”

‘மேலநீலிதநல்லூர்’ அவன் நாக்கில் மூன்று இடத்தில் தடுக்கி விழுந்து எழுந்தது.

“வயசு?”

ஐந்து விரலையும் விரித்துக் காட்டினான். ஐந்து முடிந்து ஒரு மாசம்தான் ஆகிறது. அந்தக் கையை யாரிடமாவது காட்டத்தான் அவன் அலைந்துகொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் என் அம்மா தன் பங்குக்கு ஒரு ஒத்திகை நடத்தினார். “எய்யா, பஸ்ஸுல கண்டக்டர் மாமா கேட்டா நாலுன்னு சொல்லணும். என்ன?”

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். “எந்த மாமாகிட்ட நாலு ஆச்சி? எந்த மாமாகிட்ட அஞ்சு?”

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்துவிட்டு துண்டு மடிக்கப் போனேன். மடித்து முடிப்பதற்குள் சிரிப்பு போய்விட்டது.

நான் பி.காம். எதையும் முதலில் கணக்காகத்தான் பார்ப்பேன். ரயிலில் ஐந்து வயசுக்குள் இருந்தால், தனி பெர்த் கேட்காதவரை, டிக்கெட் இல்லை. ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை அரை டிக்கெட் கொடுத்து பெர்த்தும் கொடுத்த காலம் 2016 ஏப்ரலோடு முடிந்தது. இப்போது பெர்த் வேண்டுமென்றால் முழுக் கட்டணம், மடியில் வைத்துக்கொண்டால் அரை. இந்த ஒரு மாற்றத்தால் ஏழு வருஷத்தில் ரயில்வேக்கு 2,800 கோடி ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கிடைத்ததாக, 2023-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது பதில் வந்தது. அரசு பஸ்ஸில் கதை தலைகீழ். மூன்று வயசு வரைதான் இலவசம் என்று இருந்ததை 2022-ல் ஐந்து வரை என்று தளர்த்தினார்கள். ஆக, ரயிலானாலும் பஸ்ஸானாலும் என் மகன் ஒரு மாச வித்தியாசத்தில் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறான்.

ரயில் டிக்கெட்டை இரண்டு மாசம் முன்னாடியே போட்டுவிட்டேன். போட்ட அன்று அவனுக்கு நாலு வயசு பதினோரு மாசம். நாலு என்று தட்டினால் அந்த நிமிஷத்தில் அது பொய்கூட இல்லை. உண்மையைச் சொல்கிறேன், கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஐந்து என்று போட்டு பெர்த்தும் எடுத்தேன். அரிச்சந்திரன் என்று நினைத்துவிடாதீர்கள். ராத்திரி முழுக்க அவன் காலால் உதை வாங்க உடம்பில் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

பொய்யைப் பற்றி மிகக் கறாராகப் பேசிய ஜெர்மன் தத்துவவாதி காண்ட், கொலைகாரன் வந்து உன் நண்பன் வீட்டுக்குள் இருக்கிறானா என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று 1797-ல் எழுதினார். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்த ஊர்ப் பக்கத்தை விட்டு வெகுதூரம் போனவரும் இல்லை. இரண்டு குழந்தை, ஐந்து பையோடு ஆடி மாசம் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தால் அவரும் கொஞ்சம் இளகியிருப்பார் என்று தோன்றுகிறது.

ஏனென்றால் நானே அப்படி வளர்ந்தவன்தான். எண்பதுகளில் அம்மா பீடி சுற்றிக்கொண்டிருந்தார். சங்கரன்கோவிலுக்குப் போய்விட்டு வரும்போது, கண்டக்டர் நெருங்கியதும் என்னை இழுத்து மடியில் போட்டு முந்தானையால் மூடிவிடுவார். வாய் திறக்கக் கூடாது. கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதை மடக்கிக்கொள்ளச் சொல்லித் தொடையில் ஒரு கிள்ளு. அந்த அரை டிக்கெட் காசு அன்றைக்கு எங்கள் வீட்டில் என்னவாக மாறும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பொய்யை இன்றுவரை நான் பொய்க் கணக்கில் எழுதவில்லை.

ஆனால் இன்றைக்கு அந்தக் காசு எங்களுக்கு எதுவாகவும் மாறப்போவதில்லை. என்னைக் குடைந்தது அதுகூட இல்லை. பெரியவர்கள் பொய் சொல்வது அவரவர் பாடு. இங்கே பொய்யைச் சுமக்கப் போகிறவன் அவன். ஊரெல்லாம் விரித்துக் காட்டிய கையில் ஒரு விரலை மடக்கச் சொல்கிறோம். அதோடு, நேற்று ராத்திரி சொல்லிக் கொடுத்தது என்ன? ஆபத்து என்றால் யூனிபார்ம் போட்டவரிடம் போய் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லு. இன்று காலையில்? யூனிபார்ம் போட்டவர் கேட்டால் மாற்றிச் சொல்லு. கூட்டத்தில் ஒருவேளை நிஜமாகவே தொலைந்து, யாரோ குனிந்து “வயசு என்னப்பா” என்று கேட்கும்போது, இது எந்த மாமா என்று அவன் யோசித்துக்கொண்டு நிற்க வேண்டுமா?

இவ்வளவும் யோசித்தேன். யோசித்ததை அம்மாவிடம் சொன்னேனா? இல்லை. டயப்பரை எண்ணினேன், கவரை எண்ணினேன். ஐந்து நிமிஷம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசி வைக்கவில்லை.

சங்கரன்கோவிலில் இறங்கி டவுன் பஸ் ஏறினோம். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரியால் எங்கள் ஊரை நாலு பேருக்குத் தெரியும். மற்றபடி பஸ்ஸில் பாதிப் பேர் அம்மாவுக்குத் தெரிந்த முகங்கள். அம்மாவுக்கும் மனைவிக்கும் இலவச டிக்கெட் கிழித்துவிட்டு, “தம்பிக்கு எத்தனை வயசும்மா?” என்றார் கண்டக்டர்.

“நாலுதான்யா ஆகுது.”

மகன் ஆச்சியைப் பார்க்கவில்லை, கண்டக்டரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

“அஞ்சு முடிஞ்சிட்டு. அரை டிக்கெட் ஒண்ணு கொடுங்க” என்றேன்.

பத்து ரூபாய்கூட ஆகவில்லை. கண்டக்டர் ஒன்றும் சொல்லாமல் கிழித்துக் கொடுத்தார். பக்கத்து சீட்டுப் பெரியம்மா சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தவர், ஊர் வரும்வரை முகத்தைத் திருப்பவில்லை. மகன் டிக்கெட்டை ஐந்து விரலாலும் பிடித்துக்கொண்டு வந்தான். ஒருவன் முகத்தைக் காப்பாற்ற, இன்னொருவர் முகத்தை நடு பஸ்ஸில் இறக்கிவிட்டேன். அதுவும் எந்த முகத்தை!

ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு திண்ணையில் போய் உட்கார்ந்தேன். “நீ சொல்றதுக்கு முன்னாடி நானே டிக்கெட் கேட்டிருக்கணும்மா” என்றேன்.

அம்மா வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: “உன்னையும் பொய் சொல்ல வச்சுத்தாம்ல வளத்தேன். நீ என்ன பொய்யனாவா போயிட்ட?”

என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. உள்ளே சின்னவள் சிணுங்கும் சத்தம் கேட்டது. எழுந்து போனேன்.