அந்தப் படம் பொய்யா?



ஓரியன் நெபுலா படம் உங்க வாட்ஸப்புக்கும் வந்திருக்கும். சிவப்பும் ஊதாவுமா, பூ விரிஞ்ச மாதிரி. போன மார்கழியில என் சித்தி பையனுக்கு மொட்டை மாடியில பைனாகுலர்ல அதைக் காட்டினேன். "என்னண்ணா, சாம்பல் கலர்ல புகை மாதிரி இருக்கு! அப்போ அந்தப் படம் பொய்யா?"

நியாயமான கேள்வி. அது வாயுவும் தூசியும் கலந்த மேகம், பெரும்பகுதி ஹைட்ரஜன். உள்ளே பிறந்த இளம் நட்சத்திரங்களின் புற ஊதாக்கதிர் பட்டு ஒளிர்கிறது. இன்னும் அங்கே நட்சத்திரங்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. சுமார் 1,350 ஒளியாண்டு தூரம். நாம இன்னிக்குப் பார்க்கிற வெளிச்சம் கிளம்பினப்போ இங்கே பல்லவர் ஆட்சி!

மங்கலான வெளிச்சத்தில் நம்ம கண்ணுக்கு நிறம் பிரித்துப் பார்க்க வராது. கேமரா ஒளியைச் சேர்த்து வைக்கும். 1880ல் ஹென்றி டிரேப்பர் இதை முதன்முதலா படம் எடுத்தப்போ 51 நிமிஷம் ஒளியைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஆக அந்தச் சிவப்பு அங்கே இருக்கு, நம்ம கண்ணுக்குத்தான் எட்டலை. பழனியில் ஆண்டிக் கோலத்தில் தரிசித்தவர், ராஜ அலங்காரத்தில் பார்த்தவரிடம் "நீ கும்பிட்டது வேற சாமி"ன்னு சொல்வாரா?

சில படங்களில் விஞ்ஞானிகளே நிறம் கொடுப்பதும் உண்டு. ஆனா எந்த வாயுவுக்கு எந்த நிறம்னு சொல்லிட்டுத்தான் கொடுப்பாங்க.

அதே படத்தில் ஒரு வேலை ஒட்டி, "நாசா கண்ட வேல், பத்து பேருக்கு அனுப்பவும்"னு வந்தா? "பக்தி வளரட்டுமே, என்ன தப்பு"ன்னு சிலர் கேட்கிறாங்க. எனக்கு அது ஒப்பாது. ஒட்டினது தெரிஞ்ச அன்னிக்கு அந்தப் பையன் படத்தை மட்டுமா சந்தேகப்படுவான்? அவன் பாட்டி சொன்ன கதை, கட்டிவிட்ட கயிறு, எல்லாத்தையும் சேர்த்துத்தான். அப்புறம் யார் பதில் சொல்றது? வேலுக்கு நாசா சர்டிபிகேட் எதுக்குங்க?

தை, மாசியில ராத்திரி எட்டு மணிக்கு மேல, நிலா இல்லாத நாளாப் பார்த்து மாடிக்குப் போங்க. வரிசையா மூணு நட்சத்திரம் தெரியும். அதுக்குக் கொஞ்சம் தெற்கே, புகை மாதிரி தெரியறதுதான் நெபுலா. அந்த மூணையும் ஒரு கோடாக்கி வடமேற்கே நீட்டினா ரோகிணி வரும். அதையும் தாண்டினா, கந்தனை வளர்த்த கார்த்திகைக் கூட்டம். ஆறும் எண்ண முடியுதான்னு பார்த்துட்டு சொல்லுங்க.